இனி கார் நெல் நடலாமா?

கேள்வி: அணை திறக்க ஜூலை பாதி ஆகிவிட்டது. இனி கார் பருவ நெல் போடலாமா? – சேரன்மகாதேவி வாசகர்

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. பாபநாசம் அணை ஜூன் 1-ல் திறந்தால்தான் கார் கணக்கு சரியாக வரும். குறுகிய கால நெல் ரகமான அம்பை 16-க்கே 110 நாள் வேண்டும். இப்போது நாற்றுப் பாவினால் அறுப்பு ஐப்பசி அடைமழையில் மாட்டும். எங்கள் வயலில் ஒருமுறை அப்படித்தான்: சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்து வெள்ளை வேர் விட்டிருந்தது. களத்தில் கொட்டினால் புளித்த வாடை. வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார், விலையே சொல்லவில்லை.

குற்றாலத்தில் சாரல் அடிக்கிறதே என்று துணியாதீர்கள். கிடைக்கிற தண்ணீரில் உளுந்து விதையுங்கள். 70 நாளில் கைக்கு வரும். அடுத்து வரும் பிசானப் பருவ நெல்லுக்கு வயலும் காலியாகிவிடும். நெல் போடவில்லையே என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், சரி, பரவாயில்லை. மேட்டு வயலாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் உளுந்து அழுகிவிடும்.