பதிவு செய்யாத கதைக்கும் பதிப்புரிமை உண்டு

கேள்வி: புனைபெயரில் இணையத்தில் நான் எழுதிய தொடர்கதையை ஒரு யூடியூப் சேனல் கேட்காமலே ஒலிநாவலாக வாசித்துப் போட்டிருக்கிறது. கேட்டதற்கு, "காப்புரிமை பதிவு செய்திருக்கிறீர்களா?" என்கிறார்கள். இப்போது 3,000 ரூபாய் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

- வாசகி, திருச்சி

பதில்: போடாதீர்கள், அம்மா. அந்தத் தாளில் "அனைத்து உரிமைகளும்" என்று இருந்தால், நாளைக்குப் புத்தகமோ சினிமாவோ வரும்போது உங்கள் கதையில் உங்களுக்கே இடம் இருக்காது.

அவர்கள் சொல்லும் காப்புரிமை, கண்டுபிடிப்புகளுக்கு உரியது. அதற்குப் பதிவு கட்டாயம். உங்களுடையது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் கதையை எழுதியபோதே அது உங்களுக்கு வந்துவிட்டது. புனைபெயரில் வெளியான கதைக்கு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் இருக்கும்; அதற்குள் எழுதியவர் நீங்கள்தான் என்பது வெளிப்பட்டால், உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் இருக்கும். கதையை ஒலிப்பதிவாக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம். "உங்கள் பெயர் போட்டோமே" என்று அவர்கள் சொன்னாலும், அது அனுமதி ஆகாது. ஒன்று மட்டும்: கதையின் கருவுக்குப் பாதுகாப்பு இல்லை, நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான். அவர்கள் உங்கள் வரிகளையே வாசித்திருப்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

சரி, பதிவு எதற்கு? சாட்சியத்துக்கு. பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல்நிலை ஆதாரமாக, அதாவது எதிர்த்தரப்பு தவறென்று நிரூபிக்கும் வரை உண்மையாக, ஏற்கும். புனைபெயரில் எழுதும் உங்களுக்கு இது மிகவும் உதவும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். வேறு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு, சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம். அதற்காக நடவடிக்கையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதலில் அந்த வீடியோக்களின் இணைப்பு, தேதி, பார்வை எண்ணிக்கை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் யூடியூப்பின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள், கட்டணம் கிடையாது. ஆனால் உங்கள் பெயர் அந்த சேனலுக்குத் தெரியவரலாம். புனைபெயரை வீட்டாருக்கே சொல்லாமல் எழுதும் பெண்கள் பலர் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

நீங்களே ஒலிநாவலுக்குச் சம்மதிப்பதாக இருந்தால், ஒலிவடிவத்துக்கு மட்டும், இத்தனை ஆண்டு, இவ்வளவு தொகை என்று எழுதி வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே கொள்ளும்.

புகார் கொடுத்தும் சேனல் மசியவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அடுத்து தடையாணையும் நஷ்டஈடும் கேட்டு வழக்கு. சேனல் எந்த ஊரில் இருந்தாலும் திருச்சி மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது, அத்தியாயங்கள் வெளியான தேதிகளையும் அந்தக் கையெழுத்துத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.