இரண்டாவது பேட்டரி: ஒயரிங் சந்தேகங்கள்

கேள்வி: வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியையும் உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு வைத்திருக்கும் இரண்டாவது பேட்டரியையும் நேராக இணைத்துவிட்டால் போதாதா?

வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், சரி. நிறுத்திவிட்டுத் தூங்கப் போனால் ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்தே காலி செய்துவிடும். நடுவில் வோல்டேஜைப் பார்த்து இயங்கும் ரிலே, அதாவது தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச், வேண்டும். பெரும்பாலானவை 13.3 வோல்ட் வாக்கில் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும்.

கேள்வி: அந்த ரிலே இருக்கிறது. நான்கு மணி நேரம் ஓட்டியும் பின்பக்க பேட்டரி நிறையவில்லை. ரிலே பழுதா?

ரிலேயைக் கழற்றும் முன் ஒயரைப் பாருங்கள். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பின்பக்கம் வரை 5 மீட்டர், எர்த்துக்கும் அதே ஒயர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் போய்த் திரும்ப 10 மீட்டர். 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறக்குறைய 0.86 வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்குப் போய்ச் சேருவது 13.3-தான். பேட்டரி நிறைய நிறைய ஆம்பியர் குறைந்து இந்த இழப்பும் குறையும், ஆனால் அதற்குள் பயணம் முடிந்திருக்கும். 25 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். விலை கூடும், இருந்தாலும் இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். மாற்றுவதற்கு முன், இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரி முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயரிலோ, லக்கிலோ (ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு), எர்த்திலோ, ரிலேயிலோதான் கோளாறு.

கேள்வி: ஃபியூஸ் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். பலர் முன்பக்கம் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் பின்பக்க பேட்டரியும் அந்த இடத்துக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒவ்வொரு பேட்டரியின் பிளஸ் முனைக்கும் எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஃபியூஸின் அளவு ஒயர் தாங்கும் ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: புது வண்டி, இரண்டாவது பேட்டரி லித்தியம். இதே ரிலே போதுமா?

போதாது. புது வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே வோல்டேஜை இறக்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிலே பிரிந்துவிடும். லித்தியமோ கொடுக்கிற ஆம்பியரையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றும், முக்கியமாக ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது), அதன் விசிறி மெதுவாகச் சுற்றும்போது. ரிலேக்குப் பதில் டிசி-டிசி சார்ஜர் (வரும் வோல்டேஜை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) போடுங்கள், ஆம்பியருக்கு அது வரம்பு கட்டிவிடும். இக்னிஷன் சிக்னல் ஒயரையும் மறக்காமல் அதற்குக் கொடுங்கள்.