வாசகர் கேள்வி - பதில்: டிராக்கில் இறக்கும் முன்

பந்தயம் எதுவும் இல்லாமல், சொந்தக் காரை மூடிய தளமொன்றில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளைத்தான் டிராக் டே என்கிறோம். அதற்குக் காரை எப்படித் தயார்செய்வது என்று கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் இருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. வந்தவற்றில் டர்போவையும் எக்ஸோஸ்ட்டையும் பற்றிக் கேட்டவையே அதிகம். பிரேக்கைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். அவர்களுக்குத்தான் பதில் நீளம்.

கேள்வி: என்னிடம் மிட்சுபிஷி எவோ 10, மனுவல் கியர் இருக்கிறது. கட்டுக்குருந்தைப் பந்தயத் தளத்தில் முதன்முறை ஓடப் போகிறேன். கையில் இருக்கும் காசுக்கு எக்ஸோஸ்ட்டும், டர்போ காற்றை ஆற்றும் இன்டர்கூலரும் போடலாம், அல்லது பிரேக்கைச் செய்யலாம். கராஜ் பாஸ் பவரைக் கூட்டச் சொல்கிறார். எதை முதலில் செய்வது?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: பிரேக். பாஸ் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உங்களையும் சேர்த்துக் காரின் எடை ஏறக்குறைய 1,600 கிலோ. மணிக்கு 160 கிலோமீற்றரிலிருந்து 60க்கு ஒருமுறை பிரேக் அடித்தால் வெளிவரும் வெப்பம், நாலரை லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அவ்வளவும் சில விநாடிகளுக்குள் நான்கு டிஸ்க்குகளில் இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன் இரண்டில். ஒரு சுற்றில் இப்படி நான்கைந்து தடவை. எவோவின் முன் டிஸ்க் 350 மில்லிமீற்றர், பேட்டை அதில் அழுத்தும் கலிப்பர் பிரெம்போ கம்பெனியுடையது. இரும்பில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை பிரேக் ஒயிலிலும் பேட்டிலும்தான்.

பிரேக் ஒயிலை முழுவதும் மாற்றுங்கள். 500 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு போதும். டொட் என்பது பிரேக் ஒயிலின் தரக் குறியீடு. சாதாரண டொட் 4 ஒயிலுக்குத் தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 பாகை, 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் 155 மட்டுமே. இந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாதி, கொழும்புக் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஒயில் புதிதில் 300 பாகைக்கு மேல் தாங்கும். டொட் 5 என்று எழுதிய சிலிக்கோன் ஒயிலை மட்டும் தொடவே வேண்டாம், 5.1 வேறு, 5 வேறு. உடைத்த போத்தலில் மீந்ததை அடுத்த மாதத்துக்கென்று அலுமாரியில் வைப்பதும் வேண்டாம்.

ஒயில் விடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த முன் கலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிள் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு. வெளிப்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்பது நம் ஊர்க் கராஜ்களில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படி விட்டால் உள்ளே தங்கிய பழைய ஒயில்தான் முதலில் கொதிக்கும்.

பேட்: கடையில் செராமிக் என்று விற்பவை வீதிக்கு அருமையானவை, தூசு குறைவு, சத்தமில்லை. டிராக்கில் நாலாவது சுற்றில் கைவிட்டுவிடும். ஃபெரோடோ டிஎஸ்2500 ரகம் வீதிக்கும் டிராக்குக்கும் நடுவில் நிற்கும், ஆரம்பகாரருக்கு அது போதும். பாதிக்குக் கீழே தேய்ந்த பேட்டோடு போகாதீர்கள். மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுக்காமல் நேரே பிஸ்டனுக்கும் ஒயிலுக்கும் கடத்தும்.

புதுப் பேட்டைச் சூடாக்கி டிஸ்க்கோடு பழக்குவதை கொழும்பு-காலி வீதியில் செய்ய வேண்டாம், தளத்தின் முதல் சுற்றுகளிலேயே செய்யலாம். பேட் கம்பெனி தாளில் எழுதிய முறை இருந்தால் அதுவே சரி. இல்லாவிட்டால் 100இலிருந்து 40க்கு எட்டுப் பத்துத் தடவை, ஒவ்வொன்றும் முன்னதைவிட அழுத்தமாக, எங்கேயும் முழுதாக நிறுத்தாமல். பிறகு ஐந்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்தி மிதித்துக்கொண்டே இருந்தால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் படிந்துவிடும். பிறகு ஸ்டியரிங் நடுங்குகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓடுவார்கள். அநேகமாக டிஸ்க் வளைந்திருக்காது, பேட் படிந்திருக்கும்.

மிச்சக் காசில் எஞ்சின் ஒயில் வெப்பமானி ஒன்று போடுங்கள். இன்டர்கூலரை அடுத்த வருடம் பார்ப்போம்.

கேள்வி: மூன்று சுற்று ஓடியதும் பிரேக் பெடல் தரைக்கே போய்விட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் பெடல் பழையபடி நன்றாக இருக்கிறது. கராஜில் ஒன்றுமில்லை என்கிறார்கள். நம்பலாமா?
— தெஹிவளை வாசகர்

பதில்: நம்பாதீர்கள். ஒயில் கலிப்பருக்குள் கொதித்து ஆவியாகியிருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் பெடல் கீழே போனது. இரவில் ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிட்டது, கராஜ்காரர் கண்ணுக்கு எதுவும் படவில்லை. அதே ஒயிலோடு போனால் அடுத்த முறை இரண்டாவது சுற்றிலேயே நடக்கும்.

பெடல் கல்லுப்போல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால் அது வேறு நோய்: பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. மெத்தென்ற பெடலுக்கு ஒயிலை மாற்று, கெட்டிப் பெடலுக்குப் பேட்டை மாற்று. இரண்டையும் குழப்பினால் காசுதான் கரையும். இந்த இரண்டும் இல்லாமல் பெடல் எப்போதுமே கொஞ்சம் தொய்வாக இருந்தால் பழைய றப்பர் ஹோஸ் உப்புகிறது. எஃகு இழை பின்னிய ஹோஸ் போடலாம்.

எவ்வளவு சூடு ஏறுகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. டிஸ்க்கின் ஓரத்தில் பூசும் வெப்பப் பெயின்ட் கிடைக்கிறது. பச்சை நிறம் மாறினால் 430 பாகை தாண்டியது, செம்மஞ்சள் மாறினால் 560, சிவப்பு மாறினால் 610. சிவப்பும் போய்விட்டால் காற்றுக் குழாய் வேண்டும்: முன் பம்பரிலிருந்து 75 மில்லிமீற்றர் குழாயை இழுத்து, காற்று டிஸ்க்கின் மையத்துக்குள் போகும்படி வையுங்கள். டிஸ்க்கின் இரு தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி காற்றை மையத்திலிருந்து வாங்கி ஓரத்தால் தள்ளுகிறது. டிஸ்க்கின் முகத்தில் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் ஆறும், வெடிப்பு வரும்.

ஓடி முடித்து வந்ததும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த சிவிக் டைப் ஆர் எஃப்டி2. காலையில் நன்றாக இழுக்கிறது, வெயில் ஏற ஏற ஒவ்வொரு சுற்றும் மெதுவாகிறது. ஒக்டேன் 95 பெற்றோல்தான் அடிக்கிறேன். ஒக்டேன் பூஸ்டர் போத்தல் ஊற்றலாமா?
— நுகேகொடை வாசகர்

பதில்: உங்கள் காரின் அமுக்க விகிதம் 11.7க்கு 1. ஜப்பானில் ஹை-ஒக் என்று விற்கும் பெற்றோலுக்குச் சட்டப்படி குறைந்தது 96, பம்பில் உண்மையில் கிடைப்பது 100க்குக் கிட்ட. அந்தப் பெற்றோலை நினைத்தே எஞ்சினின் பற்றவைப்பு நேரத்தை அமைத்திருக்கிறார்கள். நம் 95ஐ ஊற்றி, 33 பாகை வெயிலில், சூடேறிய காற்றை இழுத்தால் நொக்கிங் தொடங்கும், அதாவது பெற்றோல் ஒழுங்கில்லாமல் தானாக வெடிக்கும். நொக் சென்சர் அதைக் கேட்டு எஞ்சின் கணினியான ஈசியுவிடம் சொல்ல, அது பற்றவைப்பைப் பின்னுக்குத் தள்ளும். கார் மெதுவாவது அதனால்தான். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

பூஸ்டர் போத்தலில் '30 பொயின்ட் கூடும்' என்று எழுதியிருந்தால், ஒரு பொயின்ட் என்பது ஒக்டேனில் பத்தில் ஒன்று. 30 என்றால் 95 ஆனது 98 ஆகும், அதுவும் முழுப் போத்தலை அவர்கள் சொன்ன அளவு பெற்றோலில் கலந்தால். பலவற்றில் மங்கனீஸ் சேர்மம் இருக்கிறது, அது ஸ்பார்க் பிளக்கில் செம்மண் நிறத்தில் படியும். ஆபத்துக்கு ஒருமுறை என்றால் சரி, வழக்கமாக வேண்டாம்.

சரியான வழி, எஞ்சின் வலுவை அளக்கும் டைனோவில் ஏற்றி 95 பெற்றோலுக்கே டியூன் செய்வது. டியூன் செய்பவரிடம் உச்சக் குதிரைவலுவைக் கேட்காதீர்கள். நொக் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்; ஒரே ஓட்டமாக இல்லாமல், எஞ்சின் சூடான பிறகு அடுத்தடுத்து ஐந்து ஓட்டம் போட்டுக் கடைசி ஓட்டத்தின் பதிவைப் பாருங்கள். டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில். அவர்கள் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட்டையும், அதாவது டர்போவின் காற்றழுத்தத்தையும், கொஞ்சம் குறைக்க வேண்டும். பிளக்கை ஒருபடி குளிர்ந்த ரகமாக்கலாம், அது வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்தது. சில கம்பெனிகளில் இது தலைகீழ், வாங்கும்போது கேளுங்கள்.

தாங்கியில் பாதிக்குக் குறையாமல் பெற்றோல் வையுங்கள். எடை குறையட்டும் என்று கால் தாங்கியோடு போனால், நீண்ட திருப்பத்தில் பெற்றோல் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும்.

இன்னொன்று: ஜப்பான் கார் 180இல் தானாக வேகத்தை வெட்டும். இங்கே பெரிதாகத் தெரியாது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளம் மாதிரி 3.7 கிலோமீற்றர் சுற்றில் ஓட ஆசையிருந்தால், டியூன் செய்யும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டயரில் எத்தனை பிஎஸ்ஐ வைப்பது? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: எல்லோரும் குளிர்ந்த அழுத்தத்தைச் சொல்வதால்தான் குழப்பம். நமக்கு வேண்டியது சூடான அழுத்தம். 245/40 ஆர் 18 போன்ற வீதி டயருக்கு ஓடி முடித்த கையோடு 33 முதல் 35 வரை என்று தொடங்குங்கள். 31 பாகை வெயிலில் 28 பிஎஸ்ஐ வைத்து, டயருக்குள் காற்று அதற்கு மேல் 45 பாகை சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 34 ஆகும். ஆகவே 28இல் தொடங்கலாம். கராஜில் 34 வைத்துவிட்டுப் போனால் 40ஐத் தாண்டி டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், சோப்பு மேல் ஓடுவதுபோல் இருக்கும்.

அளப்பதை நிழலில் செய்யுங்கள். ஒருபக்கம் வெயிலில் நின்ற காரில் அந்தப் பக்க டயர்கள் ஒரு பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் இடமும் வலமும் சமமில்லாமல் போகும். தளத்திலிருந்து வந்ததும் ஒரு நிமிடத்துக்குள் நான்கையும் அளந்து எழுதி, கூடியதை மட்டும் இறக்குங்கள். வீடு திரும்பும் முன் மறுபடி நிரப்ப மறக்க வேண்டாம். ஆறியபின் அவை வீதிக்கு வேண்டிய அளவைவிடக் குறைவாக இருக்கும்.

டயரின் தோளில் வெண்கட்டியால் குறுக்கே கோடு போட்டு ஓடுங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்தால் காற்றுக் குறைவு, தோள்வரையும் அழியாவிட்டால் காற்றுக் கூட. வெளித்தோள் மட்டும் முதலில் தேய்ந்தால் அழுத்தத்தின் பிழையல்ல, கேம்பர், அதாவது முன்னிருந்து பார்க்கையில் சில்லின் சாய்வு, போதாது: முன்னே மைனஸ் 2.5 பாகை, பின்னே மைனஸ் 1.8 வரை, முன் டோ (மேலிருந்து பார்க்கையில் சில்லு உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) பூச்சியம். காலி வீதியில் இந்தக் கேம்பரோடு ஓடினால் டயர் உள்ளே தின்றுவிடும் என்பார்கள். தின்பது பெரும்பாலும் பிழையான டோதான்.

ஜப்பானில் கழற்றிய பழைய செமி-ஸ்லிக் (பூ குறைந்த டிராக் டயர்) மலிவாகக் கிடைத்தால், பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ முழுதாக இருந்தாலும் றப்பர் இறுகிவிட்டிருக்கும், விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் எவோவில் எஸ்எஸ்டி என்ற இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர்பொக்ஸ். சூடானால் ஏதும் செய்யுமா?
— பத்தரமுல்லை வாசகர்

பதில்: திரையில் 'ஸ்லோ டவுன்' என்று எழுத்து வரும். வந்தால் போட்டி போடாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி உள்ளே வாருங்கள். இதற்கு மிட்சுபிஷியின் தனி எஸ்எஸ்டி ஒயில்தான் ஊற்ற வேண்டும், அதை மாற்றும்போது வெளியே உள்ள ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். பின் வலச் சில்லுக்குப் பின்னால் இருக்கும் நான்குசில்லுக் கட்டுப்பாட்டுப் பம்பையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. கடற்காற்று படும் ஊரில் அது துருப்பிடித்துச் சாகும்.

கேள்வி: மோட்டார் சைக்கிள் ஹெல்மட் போதாதா? நான்கு முனை பெல்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.
— மாலபே வாசகர்

பதில்: ஹெல்மட்டின் உள்ளே ஸ்னெல் என்ற தரச் சான்று ஒட்டுப்பட்டியில் 'எம்' என்றால் மோட்டார் சைக்கிளுக்கு, 'எஸ்ஏ' என்றால் காருக்கு. எஸ்ஏ வகைக்குத் தீயைத் தாங்கும் சோதனையும் உண்டு. எதை ஏற்பார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் முதலே கேளுங்கள்.

பெல்ட்டை வீட்டில் வையுங்கள். ரோல் கூண்டு இல்லாத காரில் அது உங்களை நிமிர்த்திக் கட்டிவைக்கும். கூரை நசுங்கினால் உடம்பு சாய வழியில்லை. காரோடு வந்த மூன்று முனை பெல்ட்டும் எயார்பேக்கும் ஒன்றாக வேலைசெய்யப் படைத்தவை.

கேள்வி: முழுக் காப்புறுதி இருக்கிறது. டிராக்கில் அடிபட்டால் காசு வருமா?
— கொள்ளுப்பிட்டி வாசகர்

பதில்: பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை என்ற சொற்கள் வழக்கமாக அங்கே இருக்கும். 'இது பந்தயமல்ல, டிராக் டே' என்ற வாதம் செல்லுமா என்பதை அடிபட்ட பிறகு கேட்காமல், முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அன்றைய நாளுக்குக் கையில் என்னென்ன கொண்டுபோவது?
— வத்தளை வாசகர்

பதில்: டோர்க் ரென்ச் முதலில். சில்லு நட்டு எவோவுக்கு 98 நியூட்டன் மீற்றர், சிவிக்குக்கு 108. காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியதை நம்ப வேண்டாம். முதல் ஓட்டம் முடிந்து சில்லு ஆறியபின் நட்டுகளை மறுபடி பாருங்கள், அநேகமாக ஒன்றிரண்டு இளகியிருக்கும். டயர் அழுத்தமானி, அரை லீற்றர் பிரேக் ஒயில், நிப்பிள் சாவி, தெளிந்த குழாய், ஒரு லீற்றர் எஞ்சின் ஒயில். ஒயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் ஊற்றினால் நுரைக்கும். வெப்பமானி 130ஐத் தொட்டால் அந்த ஓட்டம் முடிந்தது.

இழுக்கும் கொக்கியைக் காலையிலேயே மாட்டிவிடுங்கள். பல கார்களில் அதன் மறை இடப்பக்கம் திருப்ப இறுகும். தளத்தோரக் கல் குழியில் சிக்கிக் கிடக்கும்போது அதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தரைவிரிப்பு, பூட்டில் கிடக்கும் ஜாக்கி, கதவில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் இறக்குங்கள். பெடலுக்கு அடியில் உருண்டு போகும் போத்தல், கொதித்த ஒயிலைவிட மோசம்.

கடைசிச் சுற்றை மூன்றாம் நான்காம் கியரில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வாருங்கள். டர்போ கார் என்றால் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு, பொனட்டைத் திறந்து வையுங்கள்.