ஏரி நீர் மாற்றிய பிறகு மீன்கள் சாவது ஏன்?

கேள்வி: ஐயா, தடாவில் நெல் பயிரிடுகிறேன். வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்கிறேன். குஞ்சு பொரிக்க வைத்து விற்க ஆசை. ஐப்பசி மழை விட்டதும் பழவேற்காடு ஏரியிலிருந்து கேன்களில் நீர் கொண்டுவந்து பாதித் தொட்டியை மாற்றினேன். வாயில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. மறுநாள் இறால்கள் இரண்டையும் காணவில்லை. பாறை ஓரத்தில் ஓடு மட்டும் கிடந்தது. நான்காம் நாளிலிருந்து மீன்கள் சாகின்றன. உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லை. புதிய மீன் எதுவும் விடவில்லை. ஆறில் இரண்டுதான் மிச்சம். கடைக்காரர் மைல்துத்தம் கலந்த மருந்தை ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். துத்தத்தில் உள்ள தாமிரம் பவளப் பாறையிலும் மணலிலும் படிந்து, பிறகு நீரில் கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் தொட்டியில் அப்புறம் இறால் வாழாது.

வெளியே எதுவும் தெரியாமல் செவுளைத் தாக்கிக் கொல்லும் வெல்வெட் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. ஆனால் அது இறாலைக் கொல்லாது. உங்கள் தொட்டியில் முதலில் போனது இறால். அதனால் என் சந்தேகம் முழுவதும் நீரின் மேல்தான்.

மழைக்காலத்தில் ஆரணியாறும் காளாங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவந்து பழவேற்காடு ஏரியில் கொட்டுகின்றன. நன்னீர் எடை குறைவானதால் மேலே மிதக்கும். கரையில் நின்று மேலாக மொண்டால் உப்பு மிகக் குறைந்த நீர்தான் கேனில் ஏறும். நாக்குக்கு 10 பிபிடியும் (ஆயிரம் பங்கு நீரில் 10 பங்கு உப்பு) கரிக்கும், 34 பிபிடியும் கரிக்கும். தொட்டியில் 34 இருந்து, நீங்கள் ஊற்றியது 8 என்று வைத்துக்கொண்டால், ஒரே மணி நேரத்தில் 21-க்கு இறங்கியிருக்கும். கோமாளி மீன் அதைத் தாங்கக்கூடும். பவளப் பாறை இறால் தாங்காது. உப்பு சட்டென்று மாறினால் இறால் ஓடு உரிப்பதும் உண்டு. நீங்கள் பார்த்த ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உரித்த ஓடு கண்ணாடி போலத் தெளிந்து, உள்ளே வெறுமையாக, ஊதினால் பறக்கும் எடையில் இருக்கும். வெளுத்துக் கனத்து நாறினால் அது இறாலின் உடல். ஓடு வெறுமையாகவே இருந்தாலும், உரித்த மெல்லுடலோடு இறால் பாறைக்குப் பின்னால் செத்து அழுகியிருக்கலாம். பாறைகளை நகர்த்தித் தேடி எடுத்துவிடுங்கள்.

அழுகலிலிருந்து அம்மோனியா வரும். அதைத் தின்று தீர்க்க வேண்டிய வடிகட்டி நுண்ணுயிர்களும் அதே உப்பு அதிர்ச்சியில் தளர்ந்திருக்கும். கடல்நீரின் பி.எச். (அமில-கார அளவு) 8-க்கு மேல், அங்கே அம்மோனியாவின் நஞ்சு நன்னீரைவிடக் கடுமை. நான்காம் நாள் தொடங்கிய சாவு இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்றே அம்மோனியா கிட் வாங்கிச் சோதியுங்கள். உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் உங்கள் பகுதி இறால் பண்ணைகளில் இருக்கும். ஒரு சொட்டு நீர் போதும். கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை முதல் நாளே நன்னீரில் கலந்து காற்று விட்டு வையுங்கள். கல்லுப்பு கூடாது. தொட்டி 21 காட்டினால், 26 பிபிடி நீரால் தினம் 40 லிட்டர் மாற்றுங்கள். அம்மோனியா குறையும், உப்பு நாளுக்கு 1 பிபிடி மட்டும் ஏறும். மறுநாள் 27, அடுத்து 28 என்று கூட்டிக்கொண்டே போங்கள். தீனியைக் குறையுங்கள். இரவில் காற்றுக்கல் நிற்கவே கூடாது. உப்புநீரில் உயிர்வளி குறைவாகத்தான் கரையும்.

சோதனையில் அம்மோனியா இல்லை என்று வந்தால் என் கணிப்பு தவறு. அப்போது அடுத்துச் சாகும் மீனை உடனே பனிக்கட்டியில் வைத்து அக்வா ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், செவுளை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.

மிச்சமுள்ள இரண்டையும் எப்படியாவது காப்பாற்றுங்கள். கோமாளி மீன்கள் முதலில் ஆணாக வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும் இனம். உங்கள் குஞ்சுத் தொழிலுக்கு அந்த இரண்டே ஜோடியாகலாம்.