ஆடிப் பண்டிகை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்

பள்ளி திறந்த மாதம் என்பதால் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளைப் பற்றியவைதான். சேலத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை இந்த முறை பதில் சொல்கிறார். ஆசிரியப் பணியில் அவருக்கு இது 31ஆவது ஜூன்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு போகிறான். போன வருடம் முழுக்க வேனில் பின் சீட்டுப் பையன்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, டிபன் பாக்ஸை ஒளித்து, செருப்பைத் தூக்கி வெளியே போட்டு ஒரே தொல்லை. வகுப்பு மிஸ்ஸிடம் சொன்னால் 'பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்கம்மா' என்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் வயிற்று வலி என்கிறான். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். பள்ளியை மாற்றிவிடலாமா?
- ஒரு தாய், அம்மாப்பேட்டை

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, அந்த வயிற்று வலி நடிப்பு இல்லை. திங்கள்கிழமையை நினைத்த பயத்தில் வயிறு நிஜமாகவே பிடித்துக்கொள்ளும். 'டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டார், எந்திரி' என்று சொல்லிவிடாதீர்கள், அப்புறம் வலியையும் உங்களிடம் சொல்ல மாட்டான்.

'உன்னை யார் என்ன பண்ணினாங்க' என்று நேராகக் கேட்டால் பெரும்பாலான பையன்கள் 'ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்வார்கள், அந்த வயதில் அதை வாய்விட்டுச் சொல்வது அவர்களுக்குப் பெரிய அவமானம். இடத்தைக் கேளுங்கள். இன்றைக்கு வேனில் எந்த சீட், பக்கத்தில் யார், இன்டர்வெலில் எங்கே நின்றாய், யாரோடு சாப்பிட்டாய். வேனின் பின் சீட்டு, கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், தண்ணீர்க் குழாய், பி.டி. பீரியட் முடிந்து வகுப்புக்குத் திரும்புகிற அந்த ஐந்து நிமிடம், இப்படிப் பெரியவர்கள் கண் படாத இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு ஆறாம் வகுப்புப் பையன். பல வருடங்களுக்கு முன், நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில். அவன் அம்மா வந்து, 'சாயங்காலம் வந்ததும் பையைக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுறான், குடுத்துவிட்ட தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருது' என்றார். விசாரித்தால், கழிப்பறை வாசலில் மூன்று பேர் நின்றுகொண்டு அவனை உள்ளே விடுவதே இல்லையாம், ஜூலையிலிருந்து. நான் நான்கு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுத் திட்டி, கை குலுக்க வைத்து அனுப்பினேன், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் அந்த வாசலில் ஏழு பேர் நின்றார்கள், 'மிஸ்கிட்ட போய் சொன்னவன்' என்று கத்திக்கொண்டு. இரண்டு பேர் சண்டை போட்டால் கை குலுக்கச் சொல்லலாம். ஒருவனை மூன்று பேர் மாதக்கணக்கில் விரட்டுவதில் சமாதானம் பேச என்ன இருக்கிறது? அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பையன் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் விஷயத்தில் நான் செய்தது தப்பு.

அதனால் சொல்கிறேன், இனி வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், ஒரு பக்கம் போதும். ஹெச்.எம்.மிடம் நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பையன்களுக்கு என்ன தண்டனை என்பதைப் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும், உங்கள் பையனுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று நீங்கள் கேளுங்கள். வேனில் உதவியாளர் பக்கத்தில் முன் சீட். தினமும் ஒரு தடவை அவனிடம் இரண்டு வார்த்தை பேச ஒரு ஆசிரியர். இரண்டு வாரம் கழித்து நீங்கள் மறுபடி வந்து பேச ஒரு தேதி. இதையெல்லாம் இந்த மாதமே கேளுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு லீவு விடுவதற்குள் ஒரு வகுப்பில் யாரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடலாம், யாரை என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை என்பதெல்லாம் பிள்ளைகளுக்குள் முடிவாகிவிடும். அதற்கப்புறம் மாற்றுவது பெரும்பாடு, நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி அசையவே இல்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. தனியார் பள்ளியாக இருந்தாலும் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பள்ளி மாற்றுவது கடைசி வழி, அதையும் அவனைக் கேட்டுச் செய்யுங்கள். தப்பு செய்தவர்கள் அங்கேயே இருக்க நான்தான் ஓட வேண்டியிருக்கிறது என்ற எண்ணத்தோடு அவன் கிளம்பக் கூடாது.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் பையன் கூடப் படிக்கும் பையனை அடித்து, அவன் சயின்ஸ் நோட்டையும் கிழித்துவிட்டான் என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவமானமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பெல்ட்டால் அடித்தேன். இனிமேல் செய்ய மாட்டான் இல்லையா?
- கொலுசுப் பட்டறைத் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: செய்வான் அய்யா. யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துச் செய்வான்.

நீங்கள் எழுதிக் கேட்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் அறைக்கு வரும் அப்பாக்களில் பாதிப் பேர் 'என் பையன் அப்படிச் செய்யவே மாட்டான்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பெல்ட்டை எடுத்தபோது அவன் பார்த்தது, பெரியவன் கோபம் வந்தால் சின்னவனை அடிக்கலாம் என்பதைத்தான். வகுப்பில் அவன் செய்ததும் அதேதான்.

பட்டறையிலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு அவனை உட்கார வைத்து, நடந்ததை அவன் வாயாலேயே முழுக்கச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் பேசாதீர்கள், கஷ்டமாகத்தான் இருக்கும். பெல்ட்டால் அடித்தது தப்பு என்று நீங்களும் சொல்லுங்கள், அதனால் அப்பாவின் மரியாதை குறையாது. அப்புறம் கிழித்த நோட்டு. ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்து, அதில் இருந்த பாடம் அத்தனையையும் அவன் கையால் எழுதி முடிக்க வேண்டும், படம் உட்பட. ஒரு வாரம் ஆகும், ஆகட்டும். அதை வகுப்பு ஆசிரியர் மூலமாகக் கொடுங்கள். எல்லார் முன்னாலும் 'ஸாரி' கேட்க வைக்க வேண்டாம், அது வெறும் வாய் வார்த்தையாகப் போகும், அந்த இன்னொரு பையனுக்கும் மறுபடி ஒரு காட்சிப்பொருளாக நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, உங்கள் பையனை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? எங்கள் பள்ளியில் எல்லாரையும் 'தண்டம், தண்டம்' என்று கூப்பிட்டு அழவைத்த ஒரு பையன் இருந்தான். அவன் பாட்டி ஒருநாள் பள்ளிக்கு வந்து, வாசலில் நின்று, 'எங்க வூட்டு தண்டம் வந்துருக்கானா' என்று கேட்டார்.

கேள்வி: மேடம், நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. என் வகுப்பில் 54 பையன்கள். பிரம்பைத் தொடக்கூடாது என்கிறார்கள், ஆனால் பெற்றோரே 'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்' என்கிறார்கள். அடியாத மாடு படியாது என்பது பொய்யா?
- இளம் ஆசிரியர், ஓமலூர்

பதில்: தம்பி, உங்கள் முன்னால் இருப்பது மாடு இல்லையே. மாட்டைக்கூட அடித்துப் பழக்கிய ஆளைக் கண்டால் அது மிரளும், வேறு ஆள் பிடித்தால் முட்டும்.

பெற்றோர் சொன்னாலும் அது அனுமதி ஆகாது. கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் 17ஆவது பிரிவு, உடலில் அடிப்பதையும் மனதை வதைப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெயிலில் முட்டி போட வைப்பதோ, 'நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பதோ பிரம்பு இல்லாததால் சரியாகிவிடாது. நானும் ஆரம்பத்தில் பிரம்பு வைத்திருந்தவள். அந்தப் பீரியட் முழுக்க அமைதியாக இருப்பார்கள், அடுத்த பீரியடில் வருகிற டீச்சர் பாவம்.

மணி அடிப்பதற்கு முன் வகுப்பு வாசலில் நில்லுங்கள். 54 பெயரையும் முதல் வாரத்துக்குள் மனப்பாடம் செய்யுங்கள், 'ஏய் கடைசி பெஞ்ச்' என்று கூப்பிட்டால் அவன் கடைசி பெஞ்சாகவே நடந்துகொள்வான். உள்ளே வந்து உட்கார்ந்த உடனே கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும், கரும்பலகையில் ஒரு கணக்காவது. வம்பு செய்கிறவனிடம் வகுப்பு முடிந்து தனியாகப் பேசுங்கள், எல்லார் முன்னாலும் பேசினால் அவனுக்கு நீங்கள் மேடை போட்டுக் கொடுத்த மாதிரி. இடத்தை நீங்களே பிரித்து உட்கார வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் தெரு வாரியாக உட்காருவார்கள், நம் ஊரில் தெரு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். 2023இல் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் பேசியிருக்கிறது. கயிறைக் கழற்றச் சொல்வது சுலபம். பையன்கள் வைக்கும் பட்டப்பெயருக்குள் சாதி ஒளிந்திருந்தால் அதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். கேட்ட அன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெண்ணின் போட்டோவை ஸ்டிக்கராக்கி எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் ஒன்றும் போடவில்லை. டீச்சரிடம் சொன்னால் கோள்மூட்டி என்பார்களா?
- பிளஸ் ஒன் மாணவி, ஆத்தூர்

பதில்: சிலர் சொல்வார்கள் கண்ணு, நாலு நாள் சொல்வார்கள். ஒருத்தியை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் அது கோள். நீ ஒருத்தியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாய். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறு யாருக்கும் அனுப்பாமல், நீ நம்பும் ஒரு டீச்சரிடம் காட்டு. நேரில் பயமாக இருந்தால் உங்கள் பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும், எழுதிப் போடு. அப்புறம் நாளைக்கு மதியம் அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடு. அவளுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

கேள்வி: நாங்கள் ஏற்காடு மலையில் ஒரு கிராமம். பெண்ணை ஆறாம் வகுப்புக்குச் சேலத்தில் ஹாஸ்டலில் விட்டிருக்கிறோம். இவள் பேச்சைப் பேசிக் காட்டி, 'மலைக்காரி' என்று கேலி செய்கிறார்களாம். எஸ்டேட் வேலையை விட்டு அடிக்கடி வர முடியவில்லை. திரும்பக் கூட்டி வந்துவிடட்டுமா?
- ஒரு தந்தை, சேர்வராயன் மலை

பதில்: இப்போதே கூட்டிப் போக வேண்டாம் அய்யா, ஒரு தடவை நேரில் வந்துவிட்டு முடிவு செய்யுங்கள். வந்தால் வார்டனையும் வகுப்பு ஆசிரியையையும் சேர்த்து உட்கார வைத்து, 'மலைக்காரி' என்ற வார்த்தையை அப்படியே சொல்லுங்கள், 'கிண்டல் பண்றாங்க' என்று பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது. அவளோடு மலையிலிருந்து வந்த வேறு பிள்ளைகள் இருந்தால் ஒரே அறையில் போடச் சொல்லுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு உங்களோடு போனில் பேசலாம் என்று வார்டனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்கு நீங்களும் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நிற்க வேண்டும், தவற விடாதீர்கள், அவள் அதற்காகவே காத்திருப்பாள்.

வீட்டில் பேசுகிற பேச்சை அவள் விட வேண்டியதில்லை. போனில் நீங்கள் அவளோடு அந்தப் பேச்சிலேயே பேசுங்கள். காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டால் உங்களால் மலையை விட்டு இறங்க முடியாது, அதனால் இந்த மாதமே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள்.