அடிபட்ட மயலின் மறுபடி வளருமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் பையன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான். மூச்சுவிட முடியாமல் வென்டிலேட்டரில் இருந்தான். இப்போது ஆறு மாதம். எம்ஆர்ஐ பார்த்துவிட்டு, மூளையில் மயலின் என்ற நரம்பு உறையில் பாதிப்பு என்கிறார்கள். வேறு செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல் போட்டால் சரியாகும் என்று ஒரு சொந்தக்காரர் சொல்கிறார். மலையில் ஆக்சிஜன் கம்மி, மேட்டுப்பாளையத்துக்குக் குடிபோங்கள் என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?"

வீடு மாறும் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் நுரையீரல் நன்றாக உள்ள குழந்தை இதைச் சமாளித்துக்கொள்ளும். குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் இன்னும் தேறாத குழந்தைகளுக்குத்தான் இது பிரச்சினை. அதனால் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, அவன் தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் காலில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தால் எங்கேயும் போக வேண்டாம். குளிருக்காக அறையைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைப்பீர்களானால், அதை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உயரத்தைவிடப் பல மடங்கு ஆபத்து அது.

மயலின் என்பது நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை. மூளையின் கட்டளை வேகமாகக் கை காலுக்குப் போய்ச் சேர அது வேண்டும். இந்த உறையை உருவாக்குபவை ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல்கள். கருவின் 23 முதல் 32 வாரம் வரை இவை முதிராப் பருவத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஆக்சிஜன் குறைந்தாலோ கிருமித்தொற்று வந்தாலோ அதிகம் அடிபடுவது இவைதான். நிறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் பாதிப்பு பெரும்பாலும் வேறு பகுதிகளில் இருக்கும். அதனால் தெரிந்தவர் வீட்டுக் குழந்தையோடு இவனை ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

செல்கள் செத்துவிட்டன, அவ்வளவுதான் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்படி இல்லை. மூளை புதுச் செல்களை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அவை முதிராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. உறைபனியில் கருகிய தேயிலைச் செடியில் துளிர் கிளம்பியும் விரியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி.

இந்தத் தேக்கத்தை உடைக்கத்தான் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. 2014-இல் வாஷிங்டன் ஆய்வாளர்கள், ஆக்சிஜன் குறைவால் பாதிக்கப்பட்ட எலிக்குட்டிகளுக்கு இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை மூக்கு வழியாகக் கொடுத்தார்கள். மயலின் கூடியது, நடமாட்டமும் தேறியது. 2018-இல் கிளெமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மருந்தும் எலிக்குட்டிகளில் பலன் காட்டியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எலியில் நடந்தது குழந்தையிலும் நடக்கும் என்று இன்னும் காட்டப்படவில்லை. யாராவது சொன்னார்கள் என்று அலர்ஜி மருந்து எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கைக்குழந்தைக்கு அது மூச்சையே மந்தமாக்கலாம்.

ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சியில் சேருபவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டாலே எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் கையில் இருப்பது பயிற்சி. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வில், கம்பிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் இருக்கும் சக்கரத்தில் எலிகளை ஓடவிட்டார்கள். புது மயலின் உருவாகாமல் தடுக்கப்பட்ட எலிகள் அதில் ஓடப் பழகச் சிரமப்பட்டன. மற்ற எலிகளுக்கு, பழகும்போதே மயலின் செல்கள் பெருகின. புது அசைவைப் பழகும்போது மயலினும் வளரும் என்பதற்கு, எலிகளில் கிடைத்த நல்ல சான்று இது.

உங்கள் பையன் பத்து வாரம் முன்பே பிறந்தவன். அவனுடைய திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயது, சுமார் மூன்றரை மாதம்தான். ஆறு மாதக் குழந்தை செய்வதை எல்லாம் இப்போதே எதிர்பார்க்க வேண்டாம். அவன் அசைவுகளை வைத்துப் பின்னால் வரக்கூடிய சிரமங்களைக் கணிக்க இதுதான் சரியான பருவம். அறையை ஹீட்டரால் சூடாக்கி, ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் கழற்றி மல்லாக்கப் படுக்கவையுங்கள். விழித்து, அழாமல் இருக்கும்போது, பொம்மை காட்டாமல், பேச்சுக் கொடுக்காமல் மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். கை, கால், கழுத்தில் எல்லாத் திசையிலும் சின்னச் சின்ன அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றனவா என்று அதைப் பார்த்து மருத்துவர் சொல்வார். டயப்பர் மாற்றும்போது தொடைகள் விரியாமல் விறைக்கின்றனவா என்று நீங்களும் கவனியுங்கள். கால்களுக்கான நரம்பு இழைகள் மூளையின் நீர் அறைகளை ஒட்டி ஓடுவதால், இந்த வகைப் பாதிப்பில் முதலில் இறுகுவது கால்கள்தான்.

அந்த வீடியோவையும் எம்ஆர்ஐ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போய், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பிசியோதெரபி அங்கே இலவசம். கண், காது பரிசோதனை விட்டுப்போயிருந்தால் அதையும் கேளுங்கள். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து பற்றியும் மறக்காமல் கேளுங்கள். மயலின் உருவாக்கும் செல்களுக்கு இரும்பு அவசியம், குறைமாதக் குழந்தைகளிடம் அதன் இருப்பு குறைவு. எத்தனை சொட்டு என்பது எடையைப் பொறுத்தது, மருத்துவர் சொன்ன அளவை மட்டும் கொடுங்கள்.