ஜப்பானியப் பள்ளியில் துணை மொழி ஆசிரியர் பணி: வகுப்பறை, ஆசிரியர் அறை, மதிய உணவு

கேள்வி: மதுரையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஜப்பானில் ஒரு சிறுநகரத்தின் கல்வி வாரியம் வரும் ஏப்ரல் முதல் என்னை ஏ.எல்.டி. எனப்படும் துணை மொழி ஆசிரியையாக நியமித்திருக்கிறது. ஒரு நடுநிலைப் பள்ளியிலும் இரண்டு தொடக்கப் பள்ளிகளிலும் பாடம் எடுக்க வேண்டும். வகுப்பு முழுவதும் என் பொறுப்பில் இருக்குமா? அங்குள்ள ஆசிரியர்கள் இரவு வரை பள்ளியிலேயே இருப்பார்கள் என்கிறார்களே, நானும் அப்படி இருக்க வேண்டுமா? நான் சைவம் என்பதால் மதிய உணவுக்கு என்ன செய்வது?

பதில்: முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. ஜப்பானில் ஆசிரியர் உரிமம் பெற்றவரே வகுப்புக்குப் பொறுப்பாளர். பாடத்திட்டம், மதிப்பெண், ஒழுங்கு ஆகிய மூன்றும் அவர் கையில் இருக்கும். நீங்கள் அவருடன் சேர்ந்து கற்பிப்பவர். நம் ஊரில் ஐம்பது பிள்ளைகளைத் தனியாளாகக் கட்டி மேய்த்து, போர்ஷன் முடித்துப் பழகியவர்களுக்குக் கரும்பலகையின் ஓரத்தில் நின்று வாசித்துக் காட்டுவது தங்களைத் தாழ்த்துவதுபோல் தோன்றும். முதல் இரண்டு மாதங்களில் மனம் சோர்ந்து போகிறவர்களில் நன்கு பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் உண்டு என்பதால் இதை முன்னதாகவே சொல்கிறேன். உங்கள் திறமை அங்கே வேண்டாததாகிவிடவில்லை. அது வெளிப்படும் வழிதான் வேறு.

நடுநிலைப் பள்ளியில் ஒரு பாடவேளை 50 நிமிடம். இலக்கணத்தை ஜப்பானிய ஆசிரியர் ஜப்பானிய மொழியிலேயே விளக்குவார். வாசிப்பு, உரையாடல், உச்சரிப்பு, எழுதியதைத் திருத்துவது ஆகியவை உங்களிடம் வரும். தொடக்கப் பள்ளியில் நிலைமை வேறு. 2020இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் ஆண்டுக்கு 70 பாடவேளை கொண்ட முழுப் பாடம். 3, 4ஆம் வகுப்புகளுக்கு 35 பாடவேளை. அங்கே ஆங்கிலம் எடுப்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர்தான். பலருக்கு ஆங்கிலம் பேசத் தயக்கம் உண்டு என்பதால், ஏட்டளவில் துணையாக இருந்தாலும் நடைமுறையில் நீங்களே வகுப்பை நடத்த வேண்டியிருக்கலாம்.

இந்த இரு நிலைகளுக்கும் உதவும் வழி ஒன்று உண்டு. சேர்ந்து திட்டமிட நேரம் கிடைப்பது அரிது. தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஆகவே, ஒவ்வொரு பாடத்துக்கும் முந்தைய நாளே அரைப்பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் எந்த நிமிடத்தில் என்ன செய்வது, அதை யார் செய்வது என்று எழுதி, அந்த ஆசிரியரின் மேசையில் வைத்துவிடுங்கள். அவர் அதில் ஒரு வரியை அடித்துத் திருத்தித் தந்தால் மகிழுங்கள். அந்தப் பாடம் இருவருக்கும் உரியதாகிவிட்டது. அவருடைய ஆங்கிலத்தில் பிழை இருந்தால் மாணவர் முன் ஒருபோதும் சுட்டிக்காட்டாதீர்கள். கேள்வி கேட்டால் ஒரு கைகூட உயராமல் வகுப்பே அமைதியாக இருப்பதை அலட்சியம் என்றும் எண்ணிவிட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு முதலில் பேசிப் பார்க்கவிட்டு, அதன்பின் பெயர் சொல்லி அழைத்தால் பதில் வரும்.

முதல் வாரம் முழுவதும் எல்லா வகுப்புகளிலும் உங்கள் அறிமுகப் பாடம்தான் நடக்கும். பத்து ரூபாய்த் தாள், வீட்டுப் படங்கள், அரிச்சுவடி போன்ற கையில் கொடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்களைக் கொண்டு செல்லுங்கள். இந்தியர் எல்லோரும் 19 வரை வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள் என்ற நம்பிக்கை அங்கே பரவலாக உண்டு என்பதால், எவரேனும் ஒரு பிள்ளை உங்களைப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லும். சற்று நினைவுபடுத்திக்கொண்டு போவது நல்லது.

உங்கள் பணி வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடம், வகுப்பறையைவிட, ஆசிரியர் அறைதான் என்பது என் உறுதியான கருத்து. ஒரே கூடத்தில், வகுப்பு வாரியாக மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லா ஆசிரியர்களும் உட்கார்ந்திருப்பார்கள். முன்புறத்தில் எல்லோரையும் பார்த்தபடி அமர்ந்திருப்பவர் 'க்யோதோ சென்செய்', அதாவது துணைத் தலைமையாசிரியர். விடுப்பு, தாமதம், வெளியே செல்வது எதுவானாலும் அவரிடமே சொல்ல வேண்டும். காலையில் எல்லோருக்கும் கேட்கும்படி வணக்கம் சொல்லி உள்ளே நுழையுங்கள். காலைக் கூட்டம் புரியாவிட்டாலும் அமர்ந்திருங்கள்; பின்னர் அருகில் இருப்பவரிடம், 'இன்று எனக்குரிய மாற்றம் ஏதும் உண்டா?' என்று மட்டும் கேளுங்கள். பாடவேளை மாற்றங்கள் அந்தக் கூட்டத்தில்தான் அறிவிக்கப்படும். மதிய உணவுக்குப் பின் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைத் துப்புரவு செய்யும் நேரம் வரும். அப்போது நீங்களும் துடைப்பம் எடுங்கள். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் அங்கேதான் முதலில் பேசுவார்கள்.

வேலை நேரத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தார்கள். ஆய்வில் பங்கேற்ற நாடுகளின் சராசரி சுமார் 38 மணி. மாலையிலும் வார இறுதியிலும் நடக்கும் விளையாட்டு, இசை மன்றங்களின் பொறுப்பும் நிர்வாக வேலையும் இதற்குப் பெரிய காரணங்கள். இவை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்காது. அதில் குறித்த நேரம் முடிந்ததும், 'ஒசாகி நி ஷிட்சுரெய் ஷிமாசு' (முன்னதாகக் கிளம்புகிறேன், மன்னியுங்கள்) என்று சொல்லிவிட்டுப் புறப்படலாம். எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் நழுவுவதைத்தான் தவறாக எடுத்துக்கொள்வார்கள். விருப்பம் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு மன்றத்தில் அரைமணி நேரம் கலந்துகொள்ளுங்கள்.

ஒன்றை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: நம் ஊர்க் கோடை விடுமுறை போன்றது ஆசிரியர்களுக்கு அங்கே இல்லை. ஜூலை இறுதியில் மாணவர்களுக்கு விடுமுறை தொடங்கினாலும், ஒப்பந்தத்தில் விலக்கு இல்லாவிட்டால் நீங்கள் பணிக்கு வர வேண்டும், அல்லது உங்கள் கணக்கிலுள்ள விடுப்பை எடுக்க வேண்டும். சட்டப்படி ஆறு மாதப் பணிக்குப் பின் 10 நாள் ஊதிய விடுப்பு உண்டு. சில வாரியங்கள் தொடக்கத்திலேயே தருகின்றன. ஆகவே முதல் ஆகஸ்டில் ஊருக்கு வர முடியுமா என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். விடுப்பிலிருந்து திரும்பும்போது ஆசிரியர் அறைக்குத் தின்பண்டம் கொண்டு வருவது அங்கே வழக்கம். ஒரு மேசைக்கு ஒன்று என வைப்பார்கள் என்பதால் தனித்தனி உறையிட்டதாக இருக்க வேண்டும். சிறு உறைகளில் வரும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இதற்குப் பொருத்தம். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் பெட்டியின் மேல் குறிப்பு எழுதி வையுங்கள்.

இனி உணவு. பள்ளி மதிய உணவை வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்த மாணவர்களே பரிமாற, எல்லோரும் ஒரே உணவை உண்பார்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்குத்தான் மாற்று ஏற்பாடு இருக்கும். சைவத்துக்குத் தனி உணவை எதிர்பார்க்க முடியாது. சோறும் பாலும் உங்களுக்கு ஒத்துவரும். சூப்பும் வேகவைத்த காய்கறியும் பார்வைக்குச் சைவமாக இருந்தாலும், பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனின் சாற்றில் சமைத்தவை. ஜப்பானியக் கறிக் குழம்பின் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. 'இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொன்னால், மீனையும் மீன்சாற்றையும் உண்பீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். எனவே இறைச்சி, மீன், மீன்சாறு, விலங்குக் கொழுப்பு என ஒவ்வொன்றாக எழுதி, பணியில் சேரும் முன்பே கல்வி வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பள்ளி உணவு வேண்டாம், வீட்டுச் சாப்பாடு கொண்டு வருகிறேன் என்று தெரிவித்துவிடுங்கள். உணவுக் கட்டணம் மாதந்தோறும் பிடிக்கப்படும் என்பதால் இதை முன்பே செய்வது முக்கியம். டப்பாவோடு மாணவர்களின் வகுப்பிலேயே உட்கார்ந்து உண்ணுங்கள். முட்டையும் சாப்பிடாதவர் என்றால், மின்னஞ்சலில் அதையும் குறிப்பிடுங்கள். பருப்பு, புழுங்கலரிசி, மசாலாப் பொருள்கள் இணையத்தில் கிடைக்கும். தோக்கியோ செல்லும்போது இந்தியர் மிகுதியாக வாழும் நிஷி கசாய் பகுதியில் வாங்கி வரலாம்.

மற்றவை சுருக்கமாக: குடியேறிய 14 நாள்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டு முன்பணமும் தரகும் சேர்ந்து சில மாத வாடகைக்கு வரும், முதல் சம்பளமோ தாமதமாகலாம் என்பதால் கையிருப்போடு செல்லுங்கள். பள்ளிகளுக்கிடையே கார் தேவைப்படுமா என்று இப்போதே கேளுங்கள். இந்திய உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு, 2025 அக்டோபர் முதல் அவை கடினமாகியுள்ளன. நகராட்சி நேரடி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கானவை என்பதால், புதுப்பிப்பு பற்றிய பேச்சைக் குளிர்கால விடுமுறைக்கு முன்பே துணைத் தலைமையாசிரியரிடம் தொடங்கிவிடுங்கள்.